பிரான்ஸில் சைக்கிள் பயணம்: கார் சத்தம் கேட்காத பாதை எது?

பாரிஸிலிருந்து சைக்கிளோடு ரயிலேறிப் போய், பத்து நாள் நாட்டுப்புறத்தில் ஓட்ட வேண்டும். பின்னால் லாரி உறுமக் கூடாது. சாயங்காலம் தங்க ஓர் இடம் கிடைக்க வேண்டும். ஆசை இவ்வளவுதான் என்றால் பிரான்ஸில் அதற்கு வழிகள் ஏராளம், அந்த ஏராளம்தான் தலைவலியும்கூட. இணையத்தில் தேடினால் முதலில் லுவார் நதிக்கரைப் பாதை வரும், அடுத்து மிடி கால்வாய் வரும். பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே நல்ல பாதைகள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் வேண்டுவது அமைதி என்றால் அந்த இரண்டையும் நான் முதலிடத்தில் வைக்க மாட்டேன்.

நான்கு வழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். லுவார், தெற்கே கரோன், மிடி கால்வாய்கள், பர்கண்டியில் நிவெர்னே கால்வாய், கடைசியாக, எந்தச் சுற்றுலாப் பெயரும் இல்லாத க்ரூஸ் மாவட்டத்துச் சிறு சாலைகள். ஓட்டுபவர் நாளைக்கு 50, 60 கிலோமீட்டர் போகக்கூடியவர், பந்தயக்காரர் அல்லர், கேரியரில் இரண்டு பக்கமும் பை தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனியில் நாந்த் முதல் பிரெஸ்ட் வரை போகும் 364 கிமீ கால்வாயையும் சேர்த்திருக்கலாம். ஆங்கிலேயக் கப்பற்படையின் முற்றுகைக்குச் சிக்காமல் உள்நாட்டிலேயே சரக்கைக் கொண்டுபோக நெப்போலியன் காலத்தில் தொடங்கிய கால்வாய் அது, கரைப் பாதையும் அமைதியானது. மழைக்கோட்டு வாங்கி வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் லாவண்டர் பார்க்க ப்ரோவான்ஸ் போகும் எண்ணம் இருந்தால் அதை வேறு பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் அங்கே கேட்பது கார் சத்தம்தான்.

லுவார்: வசதி உண்டு, கூட்டமும் உண்டு

லுவார் பாதை நெவேர் நகரத்துப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கிமீ ஓடுகிறது. கருங்கடல் வரை ஐரோப்பாவைக் குறுக்கே வெட்டிப் போகும் யூரோவெலோ 6 தடத்தின் மேற்குக் கோடி இது. வசதி என்று பார்த்தால் பிரான்ஸில் இதற்கு இணை கிடையாது. திருப்பத்துக்குத் திருப்பம் பலகை, ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, தங்குமிடங்களில் சைக்கிளைப் பூட்டி வைக்கத் தனிக் கொட்டகை. ‘அக்கெய் வெலோ’ என்ற பச்சை முத்திரை ஒட்டிய விடுதி என்றால் ஓட்டிக்கொண்டு வருபவரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்த இடம் என்று பொருள். இந்த முத்திரை இப்போது நாடு முழுக்க உண்டு, ஆனால் லுவார் கரையில்தான் அடர்த்தி. ஓர்லியான், புளுவா, தூர், சோமூர், ஆஞ்சே, நாந்த் என்று பாதையோர நகரம் எல்லாவற்றிலும் ரயில் நிலையம் இருக்கிறது. முழங்கால் வலித்தால் அடுத்த ஊரில் ரயில் ஏறிவிடலாம். முதல் தடவை போகிறவருக்கு இது பெரிய தைரியம்.

ஆனால் இது முழுக்கச் சைக்கிளுக்கென்று போட்ட பாதை இல்லை. கணிசமான தூரம் சிற்றூர்ச் சாலைகளிலும், வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரைகளின் மேலும் போகிறது. அந்தச் சாலைகளில் கார் குறைவு, இல்லாமல் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், சைக்கிளே நெரிசலாகிவிடுவது. ஓர்லியானுக்கும் சோமூருக்கும் நடுவில் ஷாம்போர், ஷெனோன்சோ, வில்லாந்ரி என்று அரண்மனைகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆகஸ்டில் அங்கே குடும்பம் குடும்பமாக வாடகை மின்சைக்கிள்கள், பிள்ளைகளை உட்கார வைத்த இழுவண்டிகள், சுற்றுலாக் குழுக்கள். மணியடித்து மணியடித்துத்தான் முன்னேற வேண்டும். முன்பதிவு இல்லாமல் அறை கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது கடல் பக்கமிருந்து வருகிறது. நதி ஓடும் திசையில் கடலை நோக்கிப் போவதுதான் இயல்பு என்று எல்லோரும் நினைத்து, நாள் முழுக்க முகத்தில் காற்று வாங்குகிறார்கள். நாந்த் நகரில் இறங்கிக் கிழக்கே ஓட்டினால் காற்று முதுகைத் தள்ளும். நதியின் சரிவு மிகச் சிறியது, மேல்நோக்கிப் போகிறோம் என்பதே காலுக்குத் தெரியாது.

லுவார் கரையிலேயே அமைதி வேண்டுமென்றால் ஓர்லியானுக்குக் கிழக்கே வாருங்கள். நெவேர், சான்செர், பிரியார், சுல்லி வரைக்குமான மேல்பகுதியில் அரண்மனைக் கூட்டம் இல்லை. நடுவே பெல்வில், டாம்பியேர் அணுமின் நிலையங்களின் குளிர்கோபுரங்கள் வெகுதூரத்திலிருந்தே தெரியும். அழகுக்கு அவை திருஷ்டிப் பொட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த மேல்துண்டைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், நிவெர்னேயோடு சேர்த்துப் பார்க்கப் போகிறோம்.

தெற்கத்திக் கால்வாய்கள்: கரோன் வேறு, மிடி வேறு

போர்தோவுக்குத் தென்கிழக்கே தொடங்கி துலூஸ் வரை 193 கிமீ கரோன் கால்வாய். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் வரை சுமார் 240 கிமீ மிடி கால்வாய். இரண்டையும் ஒட்டவைத்து ‘இரு கடல் கால்வாய்’ என்று ஒரே பயணமாக விற்கிறார்கள். சைக்கிளில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் இரண்டு விதம்.

கரோன் கால்வாய்க் கரை கிட்டத்தட்ட முழுக்கத் தார் போட்ட பாதை. கார் கிடையாது, ஏற்றம் கிடையாது. படகை ஏற்றி இறக்கும் மதகு வரும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று மீட்டர் மேடு, மற்றபடி தட்டையாகப் போகும். முவாசாக் ஊரில் 1100-ஆம் ஆண்டுத் தூண்கள் நிற்கும் மடாலயம், அஜான் நகரில் நதிக்கு மேலே பாலம் கட்டிக் கால்வாயையே அக்கரைக்குக் கொண்டுபோயிருக்கும் விதம் என்று நின்று பார்க்க இடங்கள் உண்டு. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை சொந்தச் சைக்கிளில் வருவதானால் இதைவிடப் பாதுகாப்பான நெடுவழி எனக்குத் தெரியவில்லை. போர்தோவிலிருந்து வருபவர்கள் பழைய ரயில் தடத்தில் போட்ட ரொஜே லப்பெபி பாதையில் வந்து சேரலாம். 1937-இல் கியர் மாற்றும் டெரெய்லர் கருவி பொருத்திய சைக்கிளோடு டூர் த பிரான்ஸை முதன்முதலில் வென்றவர் அவர்.

குறை இரண்டு. ஒன்று, நேர்கோடு. மணிக்கணக்கில் அதே மரவரிசை, அதே தண்ணீர். மதியத்துக்கு மேல் கண் சொக்கும். இன்னொன்றை வழிகாட்டிகள் சொல்வதில்லை. போர்தோ–துலூஸ் ரயில் தடமும் ஏ62 விரைவுச்சாலையும் இதே பள்ளத்தாக்கில்தான் ஓடுகின்றன. பல இடங்களில் ரயில் கால்வாயை உரசிக்கொண்டே போகிறது. பக்கத்தில் ஒரு கார்கூட இல்லை, ஆனால் காதில் இரைச்சல். கூடாரத்தில் படுப்பவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் தண்டவாளம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மிடி கால்வாய் 1666 முதல் 1681 வரை பியேர்-போல் ரிக்கே கட்டியது, 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெருமைக்குக் குறைவில்லை. துலூஸிலிருந்து கிழக்கே 50 கிமீ அளவுக்கு வழுவழுப்பான தார். ஓட் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் பல இடங்களில் அது ஒற்றையடி மண் தடமாகிவிடுகிறது. பிளேன் மரங்களின் வேர்கள் கைத்தடி மொத்தத்தில் குறுக்கே புடைத்துக் கிடக்கும். நிழலும் வெயிலும் மாறி மாறி விழுவதால் வேர் எது நிழல் எது என்று தெரியாது. முன்சக்கரம் ஒன்றில் ஏறி இறங்கும்போதே பின்சக்கரம் அடுத்ததில் இடிக்கும். பையிலிருக்கும் பாத்திரம் கடகடக்கும், மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். 28 மிமீ டயர் போட்டுக்கொண்டு வருபவர்கள் பாவம். 38, 40 மிமீ இருந்தால் சமாளிக்கலாம். அந்த நிழலும் முன்போல் இல்லை. 2006-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு பூஞ்சை நோய் பிளேன் மரங்களைத் தாக்கி, சுமார் 42,000 மரங்களில் பெரும்பகுதியை வெட்டியாகிவிட்டது. வேறு வகைக் கன்றுகள் நட்டு வருகிறார்கள், அவை நிழல் தர வருஷமாகும். ஜூலை வெயிலில் கார்கசோனுக்குக் கிழக்கே மரமில்லாத கரையில் 60 கிமீ ஓட்டுவது அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு மாதிரி அமைதி.

ஆக, தெற்கே போவதானால் கரோன் மட்டும். மிடி கால்வாயைத் துலூஸிலிருந்து ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாலே அதன் நல்ல பகுதி கிடைத்துவிடும்.

நிவெர்னே: பேர் பெறாத நடுவழி

பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து பிராந்திய ரயிலில் ஏறினால் ஓசேர் இரண்டு மணி நேர தூரம்கூட இல்லை. அங்கே யோன் நதியிலிருந்து பிரிகிறது நிவெர்னே கால்வாய். 174 கிமீ போய் தெசீஸ் என்ற ஊரில் லுவார் நதியைத் தொடுகிறது. மோர்வான் மலைக்காட்டு விறகைப் பாரிஸுக்கு அனுப்பத்தான் இந்தக் கால்வாயையே நினைத்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டு, கிளாம்சி ஊரில் பிடித்துத் தெப்பமாகக் கட்டி, தலைநகரத்தின் அடுப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். இன்று சரக்குப் படகு இல்லை. விடுமுறைக்கு வாடகைப் படகெடுத்தவர்கள் மட்டும், அதுவும் நடை வேகத்தில்.

பாதை தாரும் நைசாக இறுக்கிய ஜல்லியுமாக மாறி மாறி வரும், அங்கங்கே சிற்றூர்ச் சாலையில் சேர்ந்து பிரியும். ஓசேரிலிருந்து கிளாம்சி வரை யோன் பள்ளத்தாக்கு. சோசுவா என்ற இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை கரையில் செங்குத்தாக நிற்கும், கயிறு கட்டி ஏறுகிறவர்கள் அதில் எறும்பு மாதிரி தெரிவார்கள். கிளாம்சிக்கு அப்புறம் ஆள் நடமாட்டம் சட்டென்று குறைந்துவிடும். சார்தி கிராமத்தில் மூன்றரை கிலோமீட்டருக்குள் 16 மதகுகள் படிக்கட்டு போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மதகுக்காரர் குடியிருந்த ஒற்றை அறை வீடு, முன்னால் ரோஜாச் செடி, கையால் சுற்றும் இரும்புச் சக்கரம். கார் அங்கே நெருங்கவே முடியாது. உச்சியில் கால்வாய் மலையைக் குடைந்து மூன்று சுரங்கங்களுக்குள் நுழைந்துவிடும், சைக்கிள் மேட்டில் ஏறி இறங்கி மறுபக்கம் பிடிக்க வேண்டும். இந்தப் பாதையில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

நிவெர்னேயின் குறை, இது மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். பத்து நாள் கையில் இருப்பவர்கள் நடுவில் விலகி, பழைய தேவாலயம் நிற்கும் வெசலே குன்றுக்கு ஒரு நாள் போய்வரலாம். தெசீஸிலிருந்து லுவாரை ஒட்டிய பக்கக் கால்வாயைப் பிடித்து நெவேர், அங்கிருந்து வடக்கே சான்செர், பிரியார் என்று இறங்கலாம். முன்னால் சொன்ன கூட்டமில்லாத மேல்பகுதி இதுதான். பிரியாரில் 1896-இல் திறந்த, 662 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தொட்டிப் பாலத்தில் படகுகள் லுவார் நதிக்கு மேலே மிதந்துபோகும், அதன் ஓரத்து நடைமேடையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடக்கலாம். அங்கிருந்து பெர்சிக்கு நேர் ரயில். போன இடத்துக்கே திரும்ப வேண்டாம், ரயில் மாற வேண்டாம், அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு இடம் தேட வேண்டாம்.

பாதையை விட்டுச் சாலைக்கு வந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் யாரோ திட்டமிட்டுப் பலகை நட்ட வழிகள். பிரான்ஸில் அவற்றை விட அமைதியான இடம் சாதாரணத் தார்ச்சாலை. கேட்க விசித்திரமாக இருக்கும். நாட்டில் சுமார் 11 லட்சம் கிமீ சாலை இருக்கிறது. அதில் ஏழு லட்சத்துக்குக் கிட்ட ஊராட்சிச் சாலை, மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல் மாவட்டச் சாலை. கிட்டத்தட்ட 35,000 ஊராட்சிகள், ஒவ்வொன்றும் தன் குக்கிராமங்களுக்குப் பால் லாரியும் பள்ளிப் பேருந்தும் போகத் தார் போட்டு வைத்திருக்கிறது. ஜனங்கள் போய்விட்டார்கள், சாலை தங்கிவிட்டது. நடுப்பிரான்ஸின் சில சாலைகளில் தாருக்கு நடுவில் பச்சைக் கோடாகப் புல் முளைத்திருக்கும். சக்கரம் அடிக்கடி படுகிற சாலையில் புல் எப்படி முளைக்கும்?

ஆனால் சாலையின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மாவட்டச் சாலைக்கு ‘டி’ என்று பெயர் தொடங்கும். ‘டி’ என்றாலே சிறியது என்று சிலர் எழுதுகிறார்கள். 2006 வாக்கில் மத்திய அரசு தன் தேசியச் சாலைகளில் ஒரு பெரும் பங்கை மாவட்டங்களின் தலையில் கட்டியது. பழைய என்20 சில இடங்களில் டி2020 ஆனது, என்6 சில இடங்களில் டி606 ஆனது. பெயர்தான் மாறியது, லாரி மாறவில்லை. நல்ல வரைபடத்தில் நிறத்தைப் பாருங்கள். மிச்செலின் தாளில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்று. சிவப்பைத் தொடக் கூடாது, மஞ்சளில் காலையிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் போகலாம், வெள்ளைதான் நம் சொத்து. சாலைமேல் அம்புக்குறி ஒன்று போட்டிருந்தால் நல்ல ஏற்றம், இரண்டு என்றால் மூச்சு வாங்கும், மூன்று என்றால் இறங்கித் தள்ளத் தயாராக வேண்டியதுதான்.

இன்னொரு சூட்சுமம் சுங்கம். கட்டணம் வாங்கும் விரைவுச்சாலைக்குப் பக்கத்தில் ஓடும் பழைய நெடுஞ்சாலையில் லாரி நிறைந்திருக்கும், காசு மிச்சம் பிடிக்க அதில் வருகிறார்கள். விரைவுச்சாலை இலவசமாக இருந்தால் கதை தலைகீழ். வியெர்சோனிலிருந்து பிரீவ் வரை ஏ20-க்குக் கட்டணமில்லை. கிளெர்மோன்–ஃபெரானிலிருந்து தெற்கே போகும் ஏ75-க்கும் மில்லோ பாலம் தவிரக் கட்டணமில்லை. அதனால் அவற்றை ஒட்டிய பழைய சாலைகளில் வண்டி வடிந்துவிட்டது. எந்தப் பகுதி அமைதியாக இருக்கும் என்று வீட்டிலிருந்தே ஊகிக்க இதைவிட நல்ல துப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போனால் வந்து நிற்கும் இடங்களில் ஒன்று க்ரூஸ் மாவட்டம். மேற்கே ஏ20, குறுக்கே கட்டணமில்லாத இரட்டை வழி என்145. லாரிகள் அந்த இரண்டோடு சரி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஜனம். கொத்தனார் வேலைக்குப் பருவத்துக்குப் பருவம் பாரிஸ் போனார்கள், நகரத்தின் பெரிய கட்டடங்களை எழுப்பினார்கள், பிறகு பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று 1 லட்சத்து 15 ஆயிரம் பேர் அளவில்தான் மிச்சம், சதுர கிலோமீட்டருக்கு இருபது பேர். லோசேர் இதைவிடவும் காலி, சதுர கிலோமீட்டருக்குப் பதினைந்து. ஆனால் லோசேரில் டார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கோடையில் கார்கள் குவிகின்றன, ஏற்றங்களும் கடுமை.

க்ரூஸில் பாரிஸ்–லிமோஜ் தடத்து லா சூத்தரேன் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து கெரே, சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரை நெசவுக்குப் பேர்போன ஒபுசோன், ஃபெல்தான், அப்புறம் மில்வாஷ் பீடபூமி ஏறி வாசிவியேர் ஏரி, கடைசியில் எமுத்தியே. நேராகப் போனால் மூன்று நாள் வேலை, வெள்ளைச் சாலைகளில் வளைந்து வளைந்து போனால் எத்தனை நாளும் எடுத்துக்கொள்ளலாம். பீடபூமியில் ஜான்த்தியூ என்ற சிற்றூர் நடுவே முதல் உலகப்போர் நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. பிரான்ஸில் ஊருக்கு ஊர் இருக்கும் வீரன் சிலை இல்லை அது. பள்ளிச் சட்டையும் மரச்செருப்பும் போட்ட அநாதைச் சிறுவன், செத்தவர்கள் பெயர்ப் பட்டியலுக்குக் கீழே பொறித்த ‘போர் நாசமாகப் போக’ என்ற வரியை நோக்கிக் கைமுட்டியை நீட்டி நிற்கிறான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கே கால் மணி நேரம் நின்றால் ஒரு டிராக்டர் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

விலை என்ன? முதலில் ஏற்றம். மலை என்று எதுவும் பெரிதாக இல்லை, ஆனால் சமதளமும் இல்லை. ஓடைக்கு இறங்கு, மறுபக்கம் ஏறு, இதே வேலை. 50 கிமீ நாளில் 700, 800 மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடும். கூடாரமும் பாத்திரமும் தூக்கிப் போகிறவருக்குச் சின்ன கியர் கட்டாயம்.

அடுத்தது சாப்பாடு. நான்கு வழிகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு, க்ரூஸில் மட்டும் இதற்குத் திட்டமே போட வேண்டும். வரைபடத்தில் ஊர் இருக்கும், ஊரில் கடை இருக்காது. இருக்கும் கடையும் பன்னிரண்டரைக்கு மூடி மூன்று மணிக்குத் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் கிடையாது, திங்கள்கிழமை ரொட்டிக்கடைக்கே விடுமுறையாக இருக்கலாம். சனிக்கிழமையே இரண்டு நாளுக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சில ஊர்களில் ரொட்டி தரும் தானியங்கி இயந்திரம் ஊராட்சி அலுவலகத்துப் பக்கத்தில் நிற்கும், அதற்குச் சில்லறை வைத்திருங்கள். சைவர்களுக்கு ஆம்லெட் அல்லது ஆட்டுப் பாலாடைக்கட்டி சாலட், அதற்கும் மனமில்லை என்றால் சொந்த அடுப்பு. பாரிஸ் வழியாக வருகிறவர்கள் லா ஷப்பல் பகுதியில் நம் தமிழ்க் கடைகளில் ஒரு பொட்டலம் பருப்புப்பொடி வாங்கி வைத்துக்கொண்டால், மூன்றாம் நாள் ராத்திரி அந்தப் புத்திசாலித்தனத்துக்குத் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு மட்டும் கவலை வேண்டாம். எந்தக் குக்கிராமத்திலும் கல்லறைத் தோட்டம் இருக்கும், அதன் வாசலுக்குள் பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று பலகை இல்லாவிட்டால் பாட்டிலை நிரப்பலாம். பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

காரோடு சாலையைப் பங்கிடுவது பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம். நாட்டுப்புறத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்கே போய்த்தான் தாண்டுகிறார்கள். நடுவில் தடுப்பு இல்லாத சாலைகளில் 2018 ஜூலை முதல் வேக வரம்பு 80 கிமீ, பல மாவட்டங்கள் பிறகு சில சாலைகளை மீண்டும் 90 ஆக்கிவிட்டன. இருட்டியபின் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். மற்றபடி வெள்ளைச் சாலையில் பயப்பட வேண்டியது காரைவிட, பண்ணை வாசலில் அவிழ்த்துவிட்ட நாய்க்குத்தான்.

யார் எங்கே போகலாம்

சின்னப் பிள்ளைகளோ, சைக்கிள் பழகாத பெற்றோரோ கூட வருவதானால் கரோன் கால்வாய். யோசிக்கவே வேண்டாம். அரண்மனைகளைப் பார்ப்பதுதான் முதல் ஆசை, அமைதி கிடைத்தால் லாபம் என்பவர்களுக்கு லுவார். அதை மே பிற்பாதியிலோ செப்டம்பரிலோ, மேற்கிலிருந்து கிழக்காக.

அமைதிதான் முதல் தேவை, ஆனால் இதற்கு முன் பை கட்டி ஓட்டியதில்லை என்றால் ஓசேரில் தொடங்கி பிரியாரில் முடியும் நிவெர்னே–மேல்லுவார் வழியைத் தயங்காமல் சொல்வேன். பத்து நாளுக்குக் கச்சிதம். வழி தவறாது, கடை அடிக்கடி வரும், கூட்டம் இல்லை. இந்த நான்கில் ஒருவருக்கு ஒன்றை மட்டும்தான் சொல்ல வேண்டும், அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்றாலும் இதையே சொல்வேன். காலில் வலு இருக்கிறது, வரைபடம் படிக்கப் பிடிக்கும், மாலை ஆறு மணிக்கு எங்கே சாப்பிடப் போகிறோம் என்று தெரியாவிட்டாலும் எரிச்சல் வராது என்பவர் மட்டும் க்ரூஸ் போகட்டும். அவருக்குக் கிடைப்பது மற்ற மூன்று வழிகளிலும் கிடைக்காது.

மாதத்தைப் பொறுத்தவரை ஜூன்தான் எங்கும் நல்லது. பிரெஞ்சுப் பள்ளிகள் ஜூலை தொடக்கத்தில்தான் மூடும், பொழுது இரவு பத்து மணி வரை வெளிச்சமாக இருக்கும். மே மாதத்தில் அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வரும், அந்த வார இறுதிகளில் உள்ளூர்க்காரர்களே அறைகளைப் பிடித்துவிடுவார்கள். செப்டம்பரும் அழகுதான், ஆனால் க்ரூஸ் போன்ற இடங்களில் ஊராட்சி நடத்தும் கூடார முகாம்கள் பலவும் மாதப் பாதியில் பூட்டிவிடும். அந்த மாதத்தில் வேட்டையும் தொடங்கும், காட்டுச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் விஷயம் கடைசி, ஆனால் பதிவு செய்ய வேண்டியது முதலில் இதுதான். பிராந்திய ரயில்களில் சைக்கிளுக்குப் பொதுவாகக் காசு இல்லை, சில பிராந்தியங்களில் கோடைக்கு மட்டும் முன்பதிவு கேட்கிறார்கள். நெடுந்தூர ரயில்களில் சைக்கிளுக்கென்று தனி டிக்கெட் எடுக்க வேண்டும், இடமும் கொஞ்சம்தான். பாரிஸ்–லிமோஜ் ரயில் இந்த வகை, அதனால் க்ரூஸ் போகிறவர்கள் விற்பனை திறந்ததுமே எடுத்துவிட வேண்டும். எமுத்தியேயிலிருந்து லிமோஜுக்கு நாளைக்குச் சில ரயில்கள்தான், ஞாயிறன்று இன்னும் குறைவு. திரும்பும் நாளின் ரயில் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.